கண்ணில்லாத படம்

கழற்ற மாட்டேன். கழற்றுகிறவளாக இருந்தால் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பி அடங்குவதற்குள்ளேயே கழற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வாழைக்காயை வறுக்கப் போயிருப்பேன். சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய கை இது, அதற்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு என்னவோ அது மடியிலேயே கிடக்கிறது. நான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே தெற்குச் சுவரில் படம் இருக்கிறது, படத்துக்கு நேர்கீழே ஸ்டூல் இருக்கிறது. ஸ்டூலைக்கூட அவரேதான் சமையலறையிலிருந்து தூக்கிவந்து போட்டார். "நா போயி அக்காவ பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிக்கிட்டு வந்தர்றேன் கோகிலா. அதுக்குள்ள அதக் கழட்டி வெச்சிரு. அம்மா போட்டாவ இன்னைக்கு அமாவாசையோட மாட்டீரோணும்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துச் சொன்னார். அது. அதைக் கழற்றி வை. வந்து இத்தனை மாதமாகியும் படம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைச் சொல்வதுபோல அது, அது. ஸ்டூலைப் போட்டவருக்கு ஏறிக் கழற்ற எவ்வளவு நேரமாகிவிடும்? கை எட்டாதா அவருக்கு? எட்டும். ஆனால் என் கையால் கழற்ற வேண்டும். நானாகவே கழற்றினேன் என்று இருக்க வேண்டும். இந்த வீட்டில் யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவதே கிடையாது, ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் வெறும் காகிதமில்லை. முக்கால்வாசிக்குச் செம்மண் நிறம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டில் கிடக்குமே அந்த ஈரச் செம்மண். மேலே ஓரமாக ஒரு மஞ்சள், கட்டமாகத் தொடங்கிக் கட்டமாக முடியாமல் கரைந்துபோன மஞ்சள். குறுக்கே, கறுப்பு கலந்த நீலத்தில், தடியாக ஒரு கோடு. மேலிருந்து விறுவிறுவென்று இறங்கி வருகிறது, சட்டத்தைத் தொடப்போகிற இடத்தில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஏன் நின்றது? இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் முடிந்திருக்கும். சாயம் தீர்ந்துவிட்டதா, யாராவது கூப்பிட்டார்களா, சோற்றுக்கு நேரமாகிவிட்டதா. வருகிறவர்கள் யாருக்கும் இந்தக் கோடு கண்ணில் படுவதில்லை, செருப்பைக் கழற்றும்போதே "இது என்னதுங்க்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மேல்மாடி வீட்டுக்காரம்மா, சுவரில் ஓதம் ஏறிவிட்டதை மறைக்க மாட்டியிருக்கிறோமா என்று கேட்டாள். சிலிண்டர் போட வந்தவர் எந்த மாவட்டத்து மேப் என்று கேட்டார். ஆரம்பத்தில் நான் ஏதாவது ஒன்று சொல்லிவைப்பேன், சூரியன் மறைகிறதுங்க என்பேன், அறுத்த காடுங்க என்பேன். பொய். கேட்டவர்களும் அப்பாடா என்று தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன் என்று ஒருமுறைகூடச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்லிப் பழக்கமிருந்தால்தானே வரும். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துப் போட்டாலும் நான் கேட்டது, அத்தைக்குப் பிடிக்குமா, அவருக்குப் பிடிக்குமா, இந்தக் கலர் நாலு பேர் பார்வைக்கு எடுப்பாக இருக்குமா. போன வருஷம் பொருட்காட்சியில் அப்பளக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒருத்தர் இந்த மாதிரிப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். அப்பளம் வாங்கப் போனவள் இதன் முன்னால் நின்றுவிட்டேன். கால் நகரவில்லை. அப்பளம் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன், கையில் ஒரு அட்டைக் குழாயோடு.

பிரேம் போடுகிறவர் குழாயிலிருந்து உருவி மேஜையில் விரித்துப் பார்த்துவிட்டு, "சாமி படமுங்களா, பெரியவீங்க போட்டாவுங்களா?" என்றார். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். "ரெண்டுமில்லீங்" என்றேன். அவர் சரிங் என்று அளவெடுத்துக்கொண்டார். வாங்கப் போனபோது பார்த்தால், தேக்குச் சட்டம், நல்ல கண்ணாடி, மேலே இரண்டு மூலையிலும் மாலை மாட்டப் பித்தளைக் கொக்கி, கீழே நடுவில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, அதற்கு ஒயர், பிளக். "இதெல்லாம் எதுக்குங்?" என்றேன். "செவுத்துல மாட்டற சைசுன்னா அதையும் சேத்துப் போட்டர்றதுதானுங்களே அம்மா. பளக்கம்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு. கழற்றித் தருகிறேன் என்றார், கழற்றினால் சட்டத்தில் ஓட்டை தெரியும் என்றும் அவரே சொன்னார். இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் அவர் கொக்கியையும் பல்பையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், "யாருக்கு மாலை போடப்போறே?" என்றார். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கேற்றும் நேரத்துக்கு நான் இந்தப் பல்பின் சுவிட்சைப் போட்டுவிட்டு சோபாவில் உட்காருவேன். செம்மண் கறுத்துக்கொண்டே போகும், மஞ்சள் உள்ளே போய்விடும், நீலக் கோடு மட்டும் சுவரை விட்டு முன்னால் வந்து நிற்கும். பத்து நிமிஷம். ஒரு நாளில் எனக்கென்று இருக்கிற பத்து நிமிஷம் அதுதான். அதைத்தான் கழற்றி வைக்கச் சொல்கிறார்.

கண் இல்லை. அதுதான் விஷயம், அதைத்தான் யாருக்கும் சொல்ல முடியவில்லை. இந்தப் படத்துக்குக் கண் இல்லை. நான் வளர்ந்த வீட்டிலும் வாழ வந்த வீட்டிலும் சுவர் என்றால் அதில் ஒரு முகம் இருக்கும், முகம் என்றால் அதில் இரண்டு கண் இருக்கும், அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழனி முருகன் பார்ப்பார், காலண்டர் லட்சுமி பார்ப்பாள், தாத்தா மீசையோடு பார்ப்பார், பள்ளிக்கூடத்தில் தலைவர்கள் வரிசையாகப் பார்ப்பார்கள். சின்ன வயதில் பாவாடை மாற்றுவதற்குக்கூடக் கதவுக்குப் பின்னால் ஒண்டுவேன், ஆள் இல்லாவிட்டாலும் சுவர் இருக்கிறதே. எல்லாம் என்னைப் பார்த்தன, நான் பார்ப்பதற்கென்று எதுவும் இருக்கவில்லை. பொருட்காட்சியில் கால் நகராமல் நின்றேனே, அப்போது புரியவில்லை, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. இதன் முன்னால் நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று இதற்குத் தெரியாது. மாராப்பு சரியாக இருக்கிறதா, காலை நீட்டியிருக்கிறேனா, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறேன், ஒன்றும் தெரியாது. பார்ப்பது நான். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இது கிடைத்திருக்கிறது, அதையும் பொறுக்க மாட்டார்களாம். இப்போது அந்த ஆணியில் கண்ணோடு ஒரு படம் வரப்போகிறது, சாதாரணக் கண்ணா அது.

மாமியார் என்னை அடித்ததில்லை. வைததுமில்லை, ஊரில் கேட்டால் முத்தாயம்மாளைப் போல ஒரு மாமியார் உண்டா என்பார்கள். பார்ப்பார், அவ்வளவுதான். சமையலறை வாசலில் இந்த ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முறத்தில் துவரம்பருப்பை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பார். விரல் பாட்டுக்கு முறத்தில் மேயும், கண் என் கையில் இருக்கும். நான் எண்ணெய்க் கரண்டியைச் சட்டிக்கு மேலே சாய்ப்பேன், எண்ணெய் விழத் தொடங்கும், அந்தக் கண் கொஞ்சம் இடுங்கும், உடனே என் கை தானாக நிமிர்ந்துவிடும். பாதிக் கரண்டி எண்ணெய் கரண்டியிலேயே நிற்கும். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவர் குளிக்கப் போயிருக்கும்போதுகூட நான் பாதிக் கரண்டிதான் ஊற்றினேன், கோவிலுக்குப் போயிருக்கும்போதும் பாதிக் கரண்டிதான். கடைசியில் அந்த உள்ளறையில் படுத்த படுக்கையானபோது பேச்சு போய்விட்டது, கை கால் போய்விட்டது, கண் மட்டும் போகவில்லை. கட்டிலைச் சுற்றி நான் துடைக்கப் போனால் கண்ணும் சுற்றி வந்தது. கஞ்சி ஊட்டும்போது டம்ளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கும் வேறு என்ன மிச்சமிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, அப்போது பயம்தான். உயிர் போன பிறகு அந்தக் கண்ணை மூடிவிட்டது நான்தான், மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் இரண்டு விரலால் இமையை இழுத்து, மூடிக்கொள்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தேன். நான் மூடிய கண்ணை இவர்கள் திறந்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அவருடைய அக்கா வீட்டிலிருந்து, காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவருகிறார்கள்.

போன் அடிக்கிறது. அவர்தான். "பஸ்ஸு வந்துருச்சு. அக்கா எறங்கீட்டா. வந்துட்டே இருக்கறோம்" என்கிறார். பின்னால் நங்கையாளின் குரல், அவருடைய அக்கா ருக்குமணியின் குரல், மெதுவாகப் பிடி, கண்ணாடி, கண்ணாடி என்று கேட்கிறது. அப்புறம் குரலைத் தணித்து, "கழட்டீட்டயா?" என்கிறார். நான் "ம்" என்கிறேன். என்ன ம்? எதற்கு ம்? போனை வைத்த பிறகு என்மேலேயே எரிச்சல் வருகிறது. பழகிய வாய். சொன்னது சொல்லாகிவிட்டதே, இனி கழற்றித்தானே ஆக வேண்டும் என்று எழுந்துவிடுகிறேன். ஸ்டூலில் ஏறுகிறேன். முழங்கால் ஒரு சத்தம் போடுகிறது. சட்டத்தின் மேல்விளிம்பில் தூசி, துடைத்தே நாளாகிவிட்டது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடிக்கிறேன், கொஞ்சம் மேலே தூக்கினால் ஆணியிலிருந்து வந்துவிடும். இவ்வளவு கிட்டத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. செம்மண் செம்மண்ணாக இல்லை, பொடிப்பொடியாக ஆயிரம் புள்ளி, சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அச்சு. எங்கள் மகள் தாரணி வீடியோ காலில் பார்த்துவிட்டு அப்படித்தான் சிரித்தாள், "அம்மா, இது எல்லா ஹோட்டல் ரிசப்ஷன்லயும் தொங்கும்மா. ஒரிஜினல் ஏதாவது மியூசியத்துல இருக்கும். இது வெறும் பிரிண்ட்டு" என்றாள். பெங்களூர் போய் ரெண்டு வருஷத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பூஜையறையில் இருக்கும் முருகனும் பிரிண்ட்டுதானே, அவரிடம் போய் ஒரிஜினல் எங்கே என்று யாராவது கேட்டார்களா? கேட்காமல்தானே தினமும் கும்பிடுகிறோம். சொல்லப்போனால் என் மாமியாரும் இப்போது பிரிண்ட்டாகத்தான் வருகிறார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். என்னென்னவோ சொல்வார்கள், செத்தவளுக்குச் சுவரில் ஒரு இடம் கொடுக்காத மருமகள் என்பார்கள், காங்கேயம் வரைக்கும் போகும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அமாவாசையும் அதுவுமாகப் பெரியவர்களைத் தடுத்தால் பாவம் வந்து சேரும், தாரணிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயம்தான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது. பயத்தோடேயே நீலக் கோட்டின் நுனியைப் பார்க்கிறேன். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்தில். அச்சிலேயே தெரிகிறது, நுனியில் சாயம் தீரவில்லை. தடிப்பாக, கனமாக, இன்னும் ஒரு முழம் இழுக்கும் அளவுக்குச் சாயம் இருக்கிறது. யாரும் கூப்பிட்டு நிறுத்தியதாகவும் தெரியவில்லை, கை நடுங்கவில்லை, வெட்டுப்படவில்லை. போதும் என்று தோன்றியிருக்கிறது, நிறுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். யாரோ, எந்த ஊரோ, பெயரைக்கூட எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை, அவருக்குப் போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார். கையை எடுத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்குகிறேன்.

நல்லசிவம் நல்ல மனிதர்தான். பெயருக்கேற்ற ஆள், அதில் குறை சொல்ல முடியாது. கூட்டுறவு வங்கியில் இருந்தவர், குடிக்க மாட்டார், சம்பளத்தில் நாளுக்கு ஒரு சிகரெட்தான் அவருக்கென்று, அதையும் கழிவறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு வெளியே வருவார். அம்மா இருமினால் போதும், மடித்துக் கட்டிய வேட்டி தானாக இறங்கும், பேப்பர் தானாக மடியும். அம்மா போன பிறகு சிகரெட்டை பால்கனியில் குடிக்கிறார், காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரைக்கும் தூங்குகிறார். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. உள்ளறையைத் தாண்டும்போது மட்டும் இப்போதும் குரல் தணிந்துவிடும், அவருக்கே தெரியாது. இப்படிப்பட்டவர் ஏன் அந்த போட்டோவுக்கு இந்த ஒற்றைக்கால் தவம் நிற்கிறார்? தெற்குச் சுவர், தெற்குச் சுவர். பெரியவர்கள் தெற்குச் சுவரில்தான் இருக்க வேண்டும், வாசலில் நுழைந்ததும் தெரிய வேண்டும், நாலு பேர் பார்த்துவிட்டு முத்தாயம்மா மகன் நன்றாக வைத்திருக்கிறான் என்று சொல்ல வேண்டும். அதற்காக நான் சாகிற வரைக்கும் அந்தக் கண்ணுக்குக் கீழே டீ குடிக்க வேண்டும். கோபம் வருகிறது. வரட்டும். இத்தனை நாள் வராததுதான் தப்பு. கீழே ஸ்கூட்டர் வந்து நிற்கிறது, ஸ்டாண்ட் போடுகிற சத்தம், இருவரும் சேர்ந்து எதையோ பத்திரமாக இறக்குகிற சத்தம். மாடிப்படியில் நங்கையாளின் மூச்சு கேட்கிறது. மாராப்பைச் சரி செய்துகொள்கிறேன், பழக்கம், போய்த் தொலையட்டும். ஸ்டூல் அங்கேயே இருக்கிறது. எடுத்து ஒளித்து வைக்கவில்லை. பெல் அடிக்கிறது.

நங்கையாள் முதலில் வருகிறார், வெயிலில் முகம் கன்றியிருக்கிறது. "வாங்க நங்கையா" என்கிறேன். "வர்றேன் கண்ணு. தண்ணி குடு மொதல்ல" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்கிறவர் சுவரைப் பார்த்து நின்றுவிடுகிறார். பின்னால் இவர், கம்பளிப் போர்வை சுற்றிய அகலமான ஒன்றைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. ஸ்டூலைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், கடைசியாக என்னைப் பார்க்கிறார். "கழட்டலயா?" "இல்லீங்க." "மறந்துட்டயா?" என்கிறார், மெதுவாக. இது அவர் எனக்குத் திறந்துவிடுகிற கதவு, ஆமாங்க மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிடலாம், எல்லோருக்கும் மரியாதை மிச்சம். "மறக்கலீங்க. எனக்கு அது புடிச்சிருக்குது. அங்கயே இருக்கட்டும்" என்கிறேன். சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. நங்கையாள் நான் எடுத்துக்கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னடா இது நல்லசிவம், சாணியக் கரச்சு வாசல் தெளிச்சு வுட்டாப்ல" என்கிறார். இவர் காது சிவக்கிறது. "தெக்குச் செவுரு கோகிலா. பெரியவீங்க அங்கதான இருக்கோணும்? அக்கா அத்தன தூரம் சொமந்துக்கிட்டு வந்திருக்கறா" என்கிறார்.

"நம்ம ரூம்புலயும் தெக்குச் செவுரு இருக்குதுங்களே. கட்டலுக்கு எதுத்தாப்ல" என்கிறேன். குத்த வேண்டும் என்றுதான் சொல்கிறேன், பொய் சொல்லவில்லை. "அங்க மாட்டுங்க. காலைல கண்ணு முழிச்சதும் அம்மா மொகத்துலயே முழிக்கலாம்."

"அங்க வேண்டாம்."

நான் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது அது. வேகமாக, சத்தமாக, கழிவறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருமே அந்தக் குரலில். சொன்னவரே திடுக்கிட்டுப் போய்ப் போர்வை மூட்டையை டீப்பாயின் மேல் வைக்கிறார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று முடிச்சை அவிழ்க்கிறார், போர்வையை விலக்குகிறார். மாமியார். அதே சேலை, அதே மூக்குத்தி, போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காத அதே வாய். அந்தக் கண்ணுக்குப் போகப் பயந்து என் கண் சட்டத்தின் மூலைக்குப் போகிறது, போன இடத்தில் நிற்கிறது. மூலையில் தவிட்டுத் தூசி. அப்பிக்கொண்டு, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இறங்கியிருக்கிறது. ஒரு சாக்கு நூல் கூட ஒட்டியிருக்கிறது. சந்தனம் வைத்த தடம் இல்லை, குங்குமம் இல்லை, மாலை உரசிய அடையாளம் இல்லை. திதி முடிந்த வாரமே போட்டோ வந்துவிட்டது என்று நங்கையாள் போனில் சொன்னாரே. "நங்கையா, இத்தன நாளு உங்கூட்ல இத எங்க மாட்டியிருந்தீங்க?" என்று கேட்கிறேன். குற்றம் கேட்பதாக நினைக்கவில்லை, தூசியைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"மகன் வீட்டுக்கான போட்டாதான, அதான் எடுத்து வெச்சிருந்தேன்."

"எங்கீங்?"

நங்கையாள் சொம்பை அண்ணாந்து தண்ணீரைக் குடிக்கிறார், ரொம்ப நேரம் குடிக்கிறார். துடைத்துக்கொண்டு சோபாவில் உட்காருகிறார். "அரிசி மூட்டைக்குப் பொறகால" என்கிறார். பிறகு, "செவுத்தப் பாத்தாப்ல திருப்பி." தம்பியைப் பார்க்கிறார், தம்பி தலையைக் குனிந்துகொள்கிறார். "மொத நாளு மாட்டுனேன் கோகிலா, சத்தியமா. எங்கூட்டு ஹால்லதான் மாட்டுனேன். சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்தேன், தொண்டைல எறங்கல. பெத்தவதான், தெய்வந்தான், இல்லைங்கல. ஆனா எனக்கும் அறுவத்தஞ்சு ஆச்சு. இன்னும் எத்தன நாளைக்கு அந்தக் கண்ணுக்கு முன்னால உக்காந்து திங்கறது, நீயே சொல்லு?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்குகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. அடக்கவில்லை. அடக்கவில்லை என்பதால் கண்ணில் தண்ணீரும் வருகிறது. இத்தனை வருஷமும் அந்தப் பார்வை வாழ வந்தவளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பெற்ற மகளை அரிசி மூட்டை வரைக்கும் துரத்தியிருக்கிறது, பெற்ற மகனைக் கழிவறை ஜன்னல் வரைக்கும் துரத்தியிருக்கிறது. டீப்பாயைச் சுற்றி மூன்று கிழங்கள் நிற்கிறோம், உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்கத் தைரியமில்லை.

நான் குனிந்து பார்க்கிறேன். மாதக்கணக்கில் ஒரு சுவரை விழி தாழ்த்தாமல் பார்த்துப் பழகிய கண் எனக்கு இருக்கிறது, இவர்களுக்கு அது இல்லை. நேராகப் பார்க்கிறேன். இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. கூடவே இருந்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, இமையை மூடி, இது எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் பார்த்திருந்தால்தானே தெரியும். "குடுங்க, நா வெச்சுக்கறேன்" என்று போட்டோவைத் தூக்குகிறேன். "எங்க?" என்கிறார் இவர். "சமயக்கட்டுல. அங்கயும் தெக்குச் செவுரு இருக்குதுங்க." "அடுப்புக்கு எதுத்தாப்லயா? உனக்கு..." என்று இழுக்கிறார், முடிக்கவில்லை. எனக்கு என்ன? என்னை எங்கே நிற்கவைத்துப் பார்த்தாரோ அங்கேயே இருந்து பார்க்கட்டும். காலண்டர் ஆணி ஒன்று இருக்கிறது, அது போதும். நங்கையாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுவரைக் காட்டுகிறார். "அந்த லைட்டயாச்சும் கழட்டி அம்மாளுக்குப் போடு அம்முணி. அது பாட்டுக்கு வெறும் மண்ணுக்கு எரியறதுக்கு." கெஞ்சலாகத்தான் கேட்கிறார். அவருக்கு அது மட்டுமாவது வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள. "வேற லைட்டு வாங்கிக்கலாமுங் நங்கையா. இது இதோடது" என்கிறேன். பட்டப்பகலில் சுவிட்சைப் போடுகிறேன். வெயிலில் சிவப்பு தெரியக்கூட இல்லை, இருந்தாலும் எரிகிறது.

ஒரு கையில் ஸ்டூல், ஒரு கையில் மாமியார். சமையலறையில் காலண்டரை எடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஆணியில் மாட்டி, கோணல் பார்த்துச் சரி செய்கிறேன். முந்தானையால் தவிட்டைத் துடைக்கிறேன். இறங்கி அடுப்பைப் பற்ற வைத்து, சட்டியைப் போட்டு, எண்ணெய்க் கரண்டியைச் சாய்க்கிறேன். முதுகில் அந்தப் பார்வை வந்து தொடுவது தெரிகிறது, பாதிக் கரண்டியில் கை நிமிரப் பார்க்கிறது. திரும்பி நின்று அவரைப் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறேன். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. போதும் என்று எனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்துகிறேன்.